பணியில் உள்ளவர்கள்

மார்ச் 4

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம்.

விமானிகள் வேலைநிறுத்தம் ஜெயித்ததென்று டிவியில் உன்னைக் காட்டினார்கள். சங்கத் தலைவர் என்று கீழே போட்டிருந்தது. எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, "அஞ்சாங்கிளாஸ்காரி பெத்த பிள்ளை, பாத்துக்குங்க" என்றேன்.

உன்னைப் போலவே விமானம் ஓட்டப் போயிருக்கிற உன் மகள் குட்டிக்கும் சம்பளம் கூடும்தானே? "பயிற்சியில இருக்கிறவங்க கொடி பிடிச்சா தூக்கிடுவாங்க பாட்டி" என்று பயந்தாள். "அப்பா உனக்கும் சேர்த்துத்தான்டி கேக்கிறான்" என்று வேலைநிறுத்தத்துக்கு நான்தான் அனுப்பினேன். நேற்று வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். களைப்பு போலும்.

ஆசிகளுடன்
அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மா,

களைப்பு இல்லை, கோபம். கூடுதல் சம்பளம் 'பணியில் உள்ள விமானிகளுக்கு' மட்டும். பயிற்சியில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். விமானத்தில் அதே இருக்கையில் உட்கார்ந்தாலும், போன வருஷம் சேர்ந்தவன் வாங்குவதில் பாதிதான் குட்டிக்குக் கிடைக்கும். பேச்சு தொடங்கிய அன்றே கம்பெனி அந்த வார்த்தையை வைத்துவிட்டது. சங்கத்தில் ஓட்டு மூத்தவர்களுக்குத்தான். தலைவன் என்ன செய்வான்?

நீங்கள் பக்குவமாகச் சொல்லி அவளைப் புதுச் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

உங்கள் மகன்

மார்ச் 18

பெரியவனுக்கு,

எழுத்துக்கூட்டிப் படிப்பவள்தான், ஆனால் முன்னது எது பின்னது எது என்று எனக்குத் தெரியும். பேச்சு தொடங்கிய பிறகுதானே நீ போன் பண்ணினாய்? "சின்னப் பசங்களும் வந்தாத்தான் கம்பெனி பயப்படும், அவளை அனுப்பும்மா" என்றாய். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறாய்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நீ கத்தியை என் கையில் கொடுத்தல்லவா அறுத்திருக்கிறாய்.

குட்டி கையெழுத்துப் போடவில்லை. இளையவர்கள் சேர்ந்து தனிச்சங்கம் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். "அப்பா போன்ல சொன்னதை அங்க வந்து சொல்வீங்களா பாட்டி?" என்று கேட்டாள். இரண்டு நாள் யோசித்தேன். உன் பெயர் கெடும், தெரியும். ஆனால் உன் வாக்கை அவளிடம் கொண்டுபோனது என் வாய். அதுவே போய்த் திருத்தட்டும்.

நீ மட்டும் அங்கே வந்துவிடாதே. உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன்.

அம்மா