கிட்டாருக்குள் ஒரு செம்பு மாளிகை

ஜூன் 2, ஞாயிறு

இன்று மாலை மூன்றரை மணிக்கு ஒரு பிரகடனம் செய்தேன். சாட்சிகள் இருவர். ஒருவர் என் மனைவி. இந்த நோட்டில் இனி 'மேலிடம்'. இன்னொருத்தி என் அக்கா மகள். பல் கட்டும் கூடத்தில் பொய்ப்பல் செய்கிறாள். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவள் கைவண்ணத்தில்தான். அதனால் நான் வைத்த பெயர் பல்லழகி. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் எலெக்ட்ரிக் கிட்டார்.

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் இசைக்குழு ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்களாம். வாசித்துப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். குழுத் தலைவர் போன் செய்து, "வாசிப்பு பிரமாதம்மா. ஆனா பின்னால என்ன, மாவு மில் ஓடுதா?" என்று கேட்டாராம். மில் ஓடவில்லை. கிட்டார்தான் 'ங்ங்ங்ங்' என்று முனகுகிறது. 21ஆம் தேதி நேரில் வந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மில்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டுமாம்.

கம்பியின் சத்தத்தைப் பிடித்து அனுப்பும் பிக்கப், புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள். கடைக்காரர் மாட்டித் தர ஒரு மாதம் கேட்கிறார். நான் எழுந்து நின்றேன். "இருபத்தெட்டு வருஷமா லிஃப்ட் மெக்கானிக். நாப்பது மாடிக் கட்டடத்தை ஒத்தைக் கையால ஓட்டினவன். இந்த மரத்துண்டு எனக்கு எம்மாத்திரம்?"

"நாப்பது மாடியா? போன வாரம் முப்பத்திரண்டுதானே மாமா?" என்றாள் பல்லழகி.

நடுவில் எட்டு மாடி கட்டியிருப்பார்கள்.

ஜூன் 5, புதன்

கம்பிகளைக் கழற்றி, முன்பக்கத் தகட்டைத் திறந்தேன். உள்ளே பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்தக் கிட்டார் கம்பெனி இந்நேரம் சாம்பலாகியிருக்கும். வயர்கள் தூக்கத்தில் எழுந்தவன் தலைமுடி மாதிரி கிடந்தன. லிஃப்ட் பேனலில் ஒருவன் இப்படி வயர் விட்டிருந்தால் அவனை மொட்டைமாடியில் கட்டிவைத்திருப்பேன்.

பிக்கப் என்பது வேறொன்றுமில்லை. காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. மேலே கிட்டார் கம்பி அதிர்ந்தால் இது அதை மின்சாரமாக்கி அனுப்புகிறது. கம்பி அறுபது லட்சம் சுற்று என்று மேலிடத்துக்கு விளக்கினேன். "பெட்டியில எட்டாயிரம்னு போட்டிருக்கு" என்றார், கண்ணாடிகூடப் போடாமல்.

இந்தப் பிக்கப் கிட்டாரை மட்டும் கேட்பதில்லை. டியூப் லைட், செல்போன், பக்கத்து வீட்டு மோட்டார், எல்லார் பேச்சையும் ஒட்டுக் கேட்கிறது. என் அக்கா மாதிரி. அதுதான் முனகல். பரிகாரம்: உள்ளே குழி முழுக்கச் செம்பு டேப் ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்துவிட்டால் வெளிச்சத்தம் சுவரோடு நின்றுவிடும்.

ஜூன் 8, சனி

ஒட்டினேன். ஒட்டினேன். ஒட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு மூலைகூட மரம் தெரியவில்லை; உள்ளே ஒரு செம்பு மாளிகை. இணைப்பு சரியாக இருந்தால் கத்தும் மீட்டரை வைத்து மூலைக்கு மூலை தொட்டேன். எல்லாம் 'பீப்'. மேலிடத்தைக் கூப்பிட்டுப் பதினேழு பீப் கேட்க வைத்தேன். பதினெட்டாவதுக்கு அவர் நிற்கவில்லை.

விரலில் நான்கு வெட்டு. செம்பு டேப் ஓரம் பிளேடு. போர்க்காயம் என்று எழுதிவைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் இன்று என் கட்டைவிரலைத் தொட்டது. நான் அதைத் தொடவில்லை. அதுதான் முதலில் வந்தது.

ஜூன் 12, புதன்

பிக்கப் இரண்டும் மாட்டியாயிற்று. வயர்களை அளந்து, ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் வெட்டி, வளைவுகளில் வரிசையாக டை போட்டுக் கட்டினேன். படம் எடுத்து லிஃப்ட் நண்பர்கள் குழுவில் போட்டேன். மூன்று பேர் கைகூப்பினார்கள். நான்காமவன் 'இது எந்த மாடிப் பேனல்?' என்று கேட்டான். அதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

பல்லழகி வந்தாள். ஆம்ப்ளிஃபயரில் செருகினோம். அமைதி. முனகல் துளியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "கேக்குதா? ஒண்ணுமே கேக்கலல்ல?" என்றேன்.

"ஆமா மாமா. கிட்டாரும் கேக்கல."

பார்த்தால், செருகிய ஜாக்கின் முனை என் மாளிகைச் சுவரில் சாய்ந்துகொண்டு, வந்த சத்தத்தையெல்லாம் எர்த்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன். மறுபடி செருகினாள்.

அப்போது வந்த சத்தம் இருக்கிறதே! கண்ணாடித் தம்ளரைச் சுண்டின மாதிரி. அவள் கம்பியிலிருந்து கை எடுத்தால் அறையில் கடிகாரம் ஓடுவது கேட்டது. அவள் சிரித்த சிரிப்புக்கு அவள் கூடத்தில் பல் செய்ய முடியாது.

ஜூன் 19, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் பல்லழகி கிட்டாரோடு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. முன் பிக்கப் சத்தம் கொஞ்சம் கம்மியாக இருக்கிறதென்று, அதைக் கம்பிக்குப் பக்கத்தில் உயர்த்தியிருக்கிறாள். அதற்கென்றே இரண்டு பக்கமும் திருகு உண்டு. திருகினால் பிக்கப் மேலே வரும், கீழே போகும். நாலு திருகு. 'டப்'. செத்துவிட்டது.

"நான்தான் மாமா ஓவராத் திருகிட்டேன். நீங்க எவ்வளவு அழகாப் பண்ணிக் குடுத்தீங்க, நான் போய்…" கண்ணில் தண்ணீர்.

தகட்டைத் திறந்தேன். வயர் வில் நாண் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. பிக்கப் மேலே வர இடமே விடாமல் நான் வெட்டியிருக்கிறேன். போதாததுக்குக் கட்டியும் வைத்திருக்கிறேன். பிக்கப் எழும்பியதும், வயர் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு அந்த முடிக் கம்பியையும் அறுத்துவிட்டது.

டேய், நீ லிஃப்ட்காரனாடா? மேலே கீழே போற பொருளுக்குத் தொங்கலா கேபிள் விடணும்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமா லிஃப்டுக்கு அதைத்தானே விட்டே?

இது தவறு. இதற்கடுத்துச் செய்ததை என்னவென்று சொல்ல? கிட்டாரை மெதுவாக என் பக்கம் திருப்பிக்கொண்டேன், அவள் பார்க்காதபடி. பிறகு, "பரவாயில்லடா, விடு. யாருக்கும் நடக்கும்" என்றேன். மன்னித்துவிட்டேன். நான்! அவளை!

"பழைய பிக்கப்பையே போட்டுக் குடுத்துடுங்க மாமா. மில் ஓடினா ஓடட்டும்" என்று சொல்லி, கிட்டாரை வைத்துவிட்டுப் போனாள். நாளை மறுநாள் தேர்வு.

டீ கொண்டுவந்த மேலிடம் என்னை உற்றுப் பார்த்தார். "என்னங்க, அரைமணி நேரமா ஒரு பொய்கூடச் சொல்லல. உடம்பு சரியில்லையா?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அவ இப்போ வீட்டுல உக்காந்து தன்னையே திட்டிக்கிட்டு இருப்பா" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 20, வியாழன்

லீவு போட்டேன். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் பல் கூடத்துக்கே போனேன். சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பற்கள். எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன.

"பிக்கப்பை நீ உடைக்கல. நான்தான் வயரைக் குட்டையா வெட்டிட்டேன்" என்றேன். ஒரே வாக்கியம். வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் என் தோளைத் தட்டினாள். "எனக்காகக் கதை விடாதீங்க மாமா. எனக்குத் தெரியாதா உங்களை?"

தெரியும். அதுதான் கஷ்டம். இத்தனை வருஷம் நாற்பது மாடி கட்டியவன் தரையில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் யார் நம்புவார்கள்? "சத்தியமா" என்றேன். "போன மாசமும் சத்தியமா சிறுத்தையைப் பாத்தீங்க" என்றாள். அது பூனை. பெரிய பூனை.

சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த மிச்ச வயர்த் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேடியெடுத்தவை. ஒவ்வொன்றும் விரல் நீளம். பிறகு தகட்டைத் திறந்து காட்டினேன். ஒரு துண்டை எடுத்து, அறுந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். என் தோளிலிருந்த அவள் கை விலகிவிட்டது.

"நேத்து ஏன் சொல்லல?"

"பயம்."

"எதுக்கு?"

"இனிமே என்கிட்ட எதுவும் கொண்டுவர மாட்டியேன்னு."

"நேத்து ராத்திரி பூரா அழுதேன் மாமா."

மேசையிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

அவள் பல் பார்க்கும் பூதக்கண்ணாடியைத் தலையில் மாட்டினாள். "டார்ச்சைப் பிடிங்க. பேசாதீங்க."

பிடித்தேன். அறுந்தது வெளிச் சுற்றின் நுனிதான். உள்நுனி என்றால் பிக்கப் குப்பைக்கே. ஊசியால் ஒரு சுற்றைப் பிரித்தாள். கண்ணுக்கே தெரியாத கம்பி. அதன் மேல்பூச்சை மெதுவாகச் சுரண்டினாள், ஒரு பொட்டு ஈயம் வைத்தாள், பற்றவைத்தாள். பிறகு இரண்டு பிக்கப்புக்கும் நீள வயர், தாராளமாக, வளைத்து விட்டாள். மூச்சு விட்டால் கம்பி பறந்துவிடும் என்று நான் மூச்சையும் விடவில்லை. இருபது நிமிஷம். இது மிகையல்ல. சரி, கொஞ்சம் மிகை.

மீட்டர் 'பீப்' என்றது. அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு நீங்க வர வேணாம் மாமா. நான் பாத்துக்கறேன்."

ஜூன் 21, வெள்ளி

பதினொரு மணிக்குத் தேர்வு. பன்னிரண்டு. ஒன்று. மூன்று லிஃப்டுக்கு எண்ணெய் போட்டேன். அதில் ஒன்றுக்கு நேற்றே வேறொருவர் போட்டாராம்.

இரண்டரைக்கு ஒரு செய்தி: 'முடிஞ்சது. முனகல் இல்ல. ரெண்டாவது பாட்டுல ஒரு இடம் விட்டுட்டேன். அது என் தப்பு.'

கடைசி வரியை மட்டும் ஆறு தடவை படித்தேன்.

ஜூலை 3, புதன்

அக்கா போனில் கத்தினாள். "ஒழுங்கா பல் செஞ்சுகிட்டு இருந்த பொண்ணை ஊர் சுத்த அனுப்பிட்டியேடா, பாவி!" பல்லழகி தேர்வாகிவிட்டாள் என்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

சொல்லிக்கொள்ள வந்தாள். மேலிடத்திடம் அரைமணி நேரம், என்னிடம் "வரேன் மாமா". நான் ஒரு பெரிய உரை தயாரித்து வைத்திருந்தேன். "பாத்துப் போம்மா" என்றேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டு நாள் விடுப்பில் வந்திருக்கிறாள். வாசலில் ஆட்டோ நின்றதும் எட்டிப் பார்த்தேன். கையில் இரண்டு கிட்டார் பெட்டி. ஒன்று அவளுடையது. இன்னொன்று குழுத் தலைவருடையது. அவர் கிட்டாரில்தான் இப்போது மில் ஓடுகிறதாம். "உன்னுதை யாரு பண்ணாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன், டீயைப் பார்த்துக்கொண்டு.

"நானும் மாமாவும்னு சொன்னேன்."

வரிசையைக் கவனித்தேன். சரியான வரிசை.

மேசையைத் துடைத்தேன். அவள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், டேப் சுருளை என் பக்கம் தள்ளினாள். "ஒட்டறது நீங்க. வெட்டறது நான்."

"உத்தரவு" என்றேன்.

மதியம் முழுக்க ஒட்டினேன்.