கன்னையாவின் இரண்டு உறுமிகள்

1986 மே 11

ஜூன் மாதம் கிள்ளானில் நாட்டுப்புற இசைவிழா. மலாய்க்காரரின் கொம்பாங் மேளம், சீனரின் சிங்க நடன மேளம், நம் பக்கம் ஒரே ஓர் உறுமி மேளம். நாங்களா, டெங்கில் ஊர்க் கன்னையாவின் குழுவா?

ஏழு வருடம் என் பக்கத்தில் நின்று அடித்தவன். போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் பிரிந்து போனான். விழாவில் அடிப்பவர்கள் டிவியில் வருவார்களாம். அவன் மூஞ்சியை நான் டிவியில் பார்க்க வேண்டுமா?

மே 18

தேர்வு. கன்னையா உறுமியில் குச்சியை இழுத்ததும் கூடத்தில் பேச்சு நின்றது. தேர்வுக் குழுத் தலைவர் சண்முகரத்தினம் ஐயா கண்ணை மூடிக் கேட்டார். கன்னையாவையே எடுத்துவிட்டார்கள். வயிறு எரிகிறது.

மே 19

ஐயாவின் ஆபீசுக்குப் போனேன்.

"சார், அது சாவு வீட்டுல அடிக்கிற உறுமி லா. விழாவுல அம்மன் படத்துக்கு வெளக்கேத்துறப்ப அத வச்சா ஸ்டார்ட் பண்ணப் போறீங்க?"

"அப்படியே? நல்ல காலம் சொன்னீங்கள்" என்றார். படித்த மனிதர், மேளத்தைப் பற்றி என்ன கண்டார்!

சாவுக்கு அடித்த மேளம் கோயிலுக்குள் போகாது. அதனால்தான் கன்னையா இரண்டு உறுமி வைத்திருக்கிறான். அன்று அடித்தது கோயில் உறுமி. அதைத் தோளில் மாட்டச் சிவப்புக் கயிறு திரித்துக் கொடுத்தவனே நான்தான்.

ஜூன் 7

இன்று விழா. இடம் எங்களுக்கு. கன்னையாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. லோரியில் பன்னிரண்டு பேரோடு வந்து இறங்கினான். எல்லோருக்கும் அவன் பெண்டாட்டி இராஜம்மா தைத்த மஞ்சள் சட்டை. கேட்டிலேயே நிறுத்தினார்கள். காரணத்தை நானே போய்ச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை இன்னொருவனுக்கு விட மனம் வரவில்லை.

"அண்ணே, இது கோயில் உறுமின்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"எனக்கு என்னா தெரியும்?"

கூட வந்திருந்த இராஜம்மா என்னையே பார்த்தாள். பார்க்கட்டும். மேடையேறி அடித்தேன், நல்ல கைதட்டல்.

ஆகஸ்ட் 3

ஆடித் திருவிழாவுக்கு எங்களுக்கு ஏழு கோயில். கன்னையாவை ஒரு கோயிலும் கூப்பிடவில்லை. சாவு மேளம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. "எங்க மேளம் சாவுக்கு எறங்காது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 16

அம்மா போய்விட்டாள்.

எங்கள் உறுமிகளைத் தொட முடியாது, அடுத்த வாரம் கோயில் இருக்கிறது. மற்ற குழுக்கள் கிடைக்கவில்லை. மேளம் இல்லாமல் அம்மாவை எப்படித் தூக்குவது? என் தம்பி விஜயன் என்னைக் கேட்காமலே கன்னையாவுக்குப் போன் போட்டுவிட்டான். வருவானா? வராமல் இருந்தால் நல்லது. ஐயோ, வராவிட்டால்?

நவம்பர் 17

வந்தான். அதே மஞ்சள் சட்டை, அதே சிவப்புக் கயிறு.

"டேய், இது கோயில் உறுமிடா!"

"கோயில் எங்கண்ணே கூப்பிடுது? நீங்க சொன்னபடியே ஆவட்டும்."

உறுமியைத் தோளில் மாட்டினான். மேளம் முன்னால் போனது. கொள்ளிச்சட்டியோடு நான் பின்னால். சுடுகாடு வரைக்கும் அவன் முதுகில் கிடந்த அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். ஓர் அடி பிசகவில்லை, பாவி.