தேய்ந்தே பிறந்த பத்து ஷாஃப்ட்டுகள்

மச்சான்,

நேற்று நீ என்னிடம் விட்டுப்போன அளவுக்கருவி, அந்த வெர்னியர் காலிப்பரின் பெட்டியைத் திறந்தேன். இரும்பு கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் வாசனை மூக்கில் ஏறியது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, அது மட்டும் போகவில்லை. அந்தக் காலிப்பரைக் கேட்டுத்தான் உன் மகள் சுமதி சிதம்பரம் வந்திருந்தாள்.

"ட்ரோன் கம்பெனில வேல கெடச்சிருக்கு மாமா. எல்லையில விழுந்த, குண்டு போடற எதிரி ட்ரோன பிரிச்சி அதே மாதிரி செய்யணும். அவுங்க நம்மளவிட ரொம்ப முன்னாடி போயிட்டாங்க. அப்பா கைபட்டது கூட இருந்தா நல்லாருக்கும்."

கடலூரில் உன் லேத் பட்டறைக்கு நான் வருவது தங்கையைப் பார்க்க என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். வந்தது உன்னோடு வம்பளக்க. ஒருநாள் கிள்ளை ஊர்ப் படகுக்காரர் வெளிநாட்டு எஞ்சினின் சுழலும் தண்டு, ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து, அதேபோல் பத்து வேண்டும் என்றார். நீ அளந்தாய். நான் பெரிய எஞ்சினியர் தோரணையில் நோட்டில் குறித்தேன். இம்மி பிசகவில்லை. பொருத்திய வாரமே பத்தும் ஆடத் தொடங்கின. அவர் அளக்கக் கொடுத்ததே தேய்ந்துபோன ஷாஃப்ட். தேய்மானத்தையும் சேர்த்து அளந்து, பத்தையும் கிழவர்களாகவே பெற்றிருந்தோம்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"நாடுங்களும் இப்படித்தான் மச்சான். எதிரி கப்பல் கரை ஒதுங்குனா, கப்பல் கட்டறதுல பின்னாடி இருக்கறவன் பலகை பலகையா பிரிப்பான். அதே மாதிரி நூறு கட்டி பெரிய ஆளாயிடுவான்."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் கப்பல இன்னொருத்தன் பிரிப்பான்."

அதையும் நகைச்சுவைக் கட்டுரையாக்கினேன். நாலு பேர் சிரித்ததாகக் கேள்வி. மூவர் சொந்தக்காரர்கள்.

கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றுதான். "சுமதி பம்பு செய்யட்டும், மோட்டார் செய்யட்டும். ஆளக் கொல்றது மட்டும் வேணாம். நீ சொன்னா கேப்பா." தலையாட்டினேன்.

நேற்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "நாம செய்யலன்னா அவுங்க சும்மா இருப்பாங்களா மாமா?" என்றாள். வாய்ச்சவடாலிலேயே காலம் தள்ளுகிறவன், நீ கேட்டதைச் சொல்லாமலே பெட்டியைத் திறந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி நம் ட்ரோனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அவள் மாமாவிடம் இதையே கேட்டுக்கொண்டிருப்பாள். இறக்கையை அளக்கும்போது எதிரியின் பயத்தையும் சேர்த்து அளந்துவிடுகிறோம். அதுவும் நூறாகப் பிறக்கிறது. இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நிற்கும் என்றும் தோன்றவில்லை.

காலிப்பரைக் கொடுத்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், அச்சு அசல் நீதான்.

படகுக்காரர் திருப்பிப் போட்டுவிட்டுப் போன அந்தப் பத்து ஷாஃப்ட்டில் ஒன்று என் மேஜையில் காகிதத்தின் மேல் கிடக்கிறது. எழுத ஒன்றும் வராதபோது உருட்டுகிறேன். தேய்ந்த இடம் வந்ததும் விரல் நின்றுவிடுகிறது. இன்று காலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது, மச்சான்.