நாகம்மையின் பத்தாயமும் நான் படம் போட்ட வீடும்

கொல்லம் 1107, ஐப்பசி 3
மூட்டம். தோவாளை மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. அக்காள் மகள் நாகம்மைக்கு வீடு இன்றோடு முடிந்தது. பாகம் பிரிந்ததில் அவள் மாப்பிள்ளைக்குக் கிடைத்த மனை. படம் நான் போட்டது. படித்தது நாலாங்கிளாசுதான், ஆனால் திருவனந்தபுரத்து எஞ்சினீயர் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவான்.

ஒரு அறை. ஒரு அடுக்களை. முன்னால் ஓலை இறக்கின சார்ப்பு. தீர்ந்தது.

சூட்சுமம் பத்தாயத்தில். செத்துப்போன அக்காள் தன் மகளுக்குக் கொடுத்த பலாப்பலகைப் பத்தாயம். ஒன்பது கோட்டை நெல் கொள்ளும். அதன் மேலேயே படுக்கை. கட்டில் வேண்டாம், நெல்லுக்குத் தனி அறை வேண்டாம். அதை அளந்துதான் அறையையே போட்டேன். வாசல் ரெண்டேகால் அடி, மரம் மிச்சம். கடைத்தெருவில் நாற்பது பேரிடம் சொன்னேன். (உண்மையில் பதினாலு.)

ஐப்பசி 4
தூற்றல். நாளைக்குள் பத்தாயத்தை எடுக்க வேண்டும் என்று பழைய வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த அறை மாப்பிள்ளையின் அண்ணன் பாகமாம்.

கொத்தனார் தங்கையன் சுவரைத் தட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, பத்தாயம் எது வழியா உள்ள போவும்?"

"வாசல் வழியாத்தான் வேய்."

"அது மூணரை அடி அகலம், மூணடி உயரமாக்கும்."

பத்தாயத்தை முதலில் இறக்கிவிட்டு, பிறகு சுற்றிச் சுவர் வைப்பதுதான் ஊர் வழக்கம். இவன் அஸ்திவாரத்தின்போதே கேட்டான். "படம் போட்டது நீயா நானா?" என்று வாயை அடைத்தவன் நான்.

ஐப்பசி 5
காலை வண்டியில் பத்தாயம். உள்ளே தரை இன்னும் ஈரம்; நெல் சாக்குகள் சார்ப்பில். சாய்த்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம். ஆசாரியைக் கூப்பிட்டுப் பத்தாயத்தைக் கழற்றச் சொன்னால், ஆப்பைப் பிடுங்கினதும் பலகை பிளந்துவிடும் என்கிறான்.

மதியம் மழை பிடித்தது. சார்ப்புக்குள் சாரல். சாக்குகள் மேல் ஓலை, பாய், என் மேல்முண்டு.

நாகம்மை அழவில்லை. "வருசத்துச் சோறு மாமா. எது உடைஞ்சாலும் சரி, அம்மை தந்தது உடையப்பிடாது."

வேலிக்கு அப்பால் எவனோ: "கூரையத் தூக்கிட்டு மேல வழியா இறக்குவாரு பாரு!"

கடப்பாரையை நானே எடுத்தேன். மேற்குச் சுவர். பன்னிரண்டே இடி. (முப்பதுக்கு மேல். கையெல்லாம் கொப்புளம்.) ஏழு பேர் தூக்கி இறக்கினோம். சுற்றி ஒரு விரல் இடம்தான் மிச்சம். அளவு கச்சிதம்!

உடைத்த இடத்தில் ஓலை மறைப்பு. தங்கையனிடம், "இந்தச் சுவரை இளக்கமா வைக்கச் சொன்னது இதுக்குத்தான் வேய்."

"ஆமா அண்ணாச்சி. நாந்தான் மறந்துட்டேன்" என்றான். பாவி.

ஐப்பசி 6
மழை இல்லை, வெயிலும் இல்லை. நாகம்மை பழைய வீட்டுக்குப் பாத்திரம் எடுக்கப் போன நேரம் சாக்குகளைப் பிரித்தேன். அடியில் கிடந்ததெல்லாம் ஊறிச் சூடாகியிருந்தது. ரெண்டு கோட்டை இருக்கும்.

வண்டி. என் வீட்டு நெல் ரெண்டு கோட்டை. தங்கையனும் நானும் காய்ந்த நெல்லோடு சேர்த்துப் பத்தாயத்தில் கொட்டினோம். ஊறினது என் தொழுவத்துக்கு.

சாயங்காலம் அவள் பத்தாயத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "மாமா, ஒரு மணிகூட நனையல்லியே!"

"யாரு கட்டின வீடு!" என்றேன்.

என் வீட்டுக்காரி நெல் குறைந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டால், எலி என்று சொல்ல வேண்டும். பெரிய எலி.