வார்னிஷ் காயும் வரை

அக்கா, இதை யாருக்கும் காட்டாதே, உன் அறைத்தோழிக்குக்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. எல்லோரும் தேவ கிருபையால் சுகம் என்று அம்மா நேற்று எழுதியிருப்பாள். அது முக்கால்வாசி உண்மை. அப்பாவுக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது, அம்மாவின் தலைமுடியில் வெள்ளைப் பெயின்ட், எனக்குத் தூக்கம் வரவில்லை. மற்றபடி சுகம். நீயும் சுகம்தானே?

விடுமுறையில் ஊழியம் என்று அப்பா எங்களை இழுத்து வந்த இந்தக் குதிரைப் பண்ணைக்கு, ஜெபிக்கவும் குதிரை ஏறவும் விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் தங்கும் மரவீடுகளைப் பழுதுபார்க்க நம்மைப் போன்ற குடும்பங்கள் சம்பளமில்லாமல் வருகின்றன. எல்லோருக்கும் ஆர்வம் இருக்கிறது, வேலைதான் தெரியவில்லை. ரிட்டையரான பேங்க் கேஷியர் ஒருவர் ஜன்னலைச் சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ட் அடித்து ஒட்டிவிட்டார், இனி மோசே வந்து கோலால் தட்டினால்தான் திறக்கும். பல் டாக்டர் ஆன்ட்டி குழாயைச் சரிசெய்யப் போய்ப் பிடுங்கிவிட்டார், பழக்கதோஷம்.

இங்கே ஒரு கிழட்டுக் குதிரை இருக்கிறது. அதற்குத் தபால்காரன் என்று பெயர், ஏனென்றால் கட்டாமல் விட்டிருப்பதால் வீடு வீடாகப் போய் முன்னங்காலால் கதவைத் தட்டும், சர்க்கரைக்கட்டி கொடுத்தால்தான் நகரும். பழக்கிக் கெடுத்தது யார் என்று கேட்காதே, விருந்தாளிகள் கொடுத்தார்கள், அம்மா கொடுத்தாள், நான் கொடுத்தேன், தட்டிக் கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. ஒவ்வொரு தடவையும் கதவின் கீழ்ப்பலகை உடையும், அப்பா மாற்றுவார், மறுபடி உடையும். போன வாரம் ஒரு விருந்தாளி பயந்து அலறியதும் அப்பா சுத்தியலை வீசிவிட்டுப் பண்ணை மேலாளரிடம் போய், ஒண்ணு அது இருக்கணும் இல்ல நான் இருக்கணும் என்றாராம். மேலாளர் கொஞ்ச நேரம் யோசித்தாராம். கதவு பார்க்க வேறு ஆளில்லாததால் அப்பா ஜெயித்துவிட்டார். சனிக்கிழமை வியாபாரி வருகிறார், கிழட்டுக் குதிரைகளை எடை போட்டு இறைச்சிக்கு வாங்குகிறவர். அம்மாவிடம் அழுதேன். குதிரைக்கெல்லாம் ஆத்துமா கிடையாதுடி, போய் மூஞ்சியக் கழுவு என்றாள். ஆத்துமா இருக்கிற நம் சித்தப்பாவே கதவைத் தட்டாமல்தான் உள்ளே வருகிறார்.

அதனால் இன்று எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது தபால்காரனை ஜெபக்கூடத்தில் அடைத்துவிட்டேன். ஞாயிறு வரை உள்ளே வரக்கூடாது என்று அப்பாவே வாசலில் பலகை மாட்டியிருந்தார், இதைவிடப் பத்திரமான இடம் உண்டா? ஏன் மாட்டினார் என்றுதான் நான் யோசிக்கவில்லை. அக்கா, தரைக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். பிரசங்க மேடை வரைக்கும் குளம்படி, லாடத்து ஆணிகூடப் பதிந்திருக்கிறது. அது மேடையில் ஏறி, காணிக்கை எடுக்கப்போகிற போதகர் மாதிரி என்னையே பார்த்தது. கூடத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது, கயிற்றை ஜன்னல் கம்பியில் சடை பின்னுகிற மாதிரி பின்னிவிட்டு வந்தேன்.

ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று எங்கள் போனையெல்லாம் மேலாளர் வாங்கிப் பூட்டிவிட்டார். ரொட்டி வண்டிக்காரர் காலையில் இதைத் தபாலில் போடுவார், வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும். உடனே இங்கே ஆபீசுக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடு. குதிரையை விற்க வேண்டாம், கதவுக்குக் கீழே தகரம் அடித்தால் போதும் என்று நீயே கண்டுபிடித்த மாதிரி சொல். அதையே நான் சொன்னால் அதிகப்பிரசங்கி, நீ சொன்னால் இன்ஜினியர். தரையைப் பற்றி மூச்சு விடாதே. அப்பா பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார், அந்தச் சத்தம் இருக்கும் வரைதான் எனக்குத் தைரியம்.

ஈரத்தலையோடு தூங்காதே, பட்டினி கிடக்காதே, உன் வகுப்பு மீசைக்காரனிடம் ரொம்பச் சிரிக்காதே. கடிதம் என்றால் இதெல்லாம் இருக்க வேண்டும் என்பாள் அம்மா. ஆண்டவர் உனக்கு நல்ல சாப்பாடும் எனக்கு ஒரு நல்ல பொய்யும் தரட்டும். சனிக்கிழமைக்குள், மறந்துவிடாதே.

இப்படிக்கு, உன் அருமைத்

ஐயோ, யாரோ தட்டுகிறார்கள். அப்பா இல்லை, குறட்டை கேட்கிறது. இதோ மறுபடியும். கீழ்ப்பலகையில் தட்டுகிற சத்தம். அக்கா, குறட்டை நின்றுவிட்ட