மை வருகிறது

மை வருகிறது.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். இதே வார்த்தையை ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் உனக்குப் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு மெய்யாகவே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், பேத்தியின் இருமல் நின்றதா, அவளைக் காலையில் வெறுங்காலோடு தரையில் ஓட விடாதே. கடிதத்தின் தலையில் என்னவோ உளறியிருக்கிறாளே என்று பார்க்கிறாயா, அது உளறல் இல்லை, பரிசோதனை. இனி நான் எழுதும் ஒவ்வொரு தாளிலும் முதல் வரி அதுதான். அதை ஒருவர் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அடுத்த வரிக்கே போவேன். அவர் யார் என்று அப்புறம் சொல்கிறேன், சொல்வதற்கு அவ்வளவு இருக்கிறது, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் கை பரபரக்கிறது.

போன ஞாயிறு நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. "நாலு வெறும் தாளை மடிச்சு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கியேம்மா, உனக்கு என்ன ஆச்சு" என்று கேட்டாய். நீ முகவரி எழுதி வைத்துவிட்டுப் போன உறையில் போட்டதால் அது உன் வீட்டுக்காவது வந்து சேர்ந்தது, இல்லாவிட்டால் வெறும் உறையும் வெறும் தாளுமாக எங்கே போய் நின்றிருக்குமோ. பேனாவில் மை தீர்ந்திருக்கும் என்றேன். "அதைத்தான் நானும் சொல்றேன், மை தீர்ந்தது தெரியாம நாலு பக்கம் எழுதறவ, நாளைக்கு அடுப்பு எரியறது தெரியாம தூங்கிட்டா யாரு பாக்கறது" என்று ஒரே போடாகப் போட்டாய். இருபதாம் தேதி வருகிறேன், வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னைக் கையோடு கூட்டி வருகிறேன், திரும்புவதற்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். உன்னோடு பேசி ஜெயிக்க உன் அப்பாவாலேயே முடிந்ததில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போட்டால் ஒரு வாரத்தில் கிடைக்குமாம், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா காரியமெல்லாம் முடிந்து நீ ஊருக்குப் போன மூன்றாவது வாரம், குப்பையைக் கீழே கொட்டிவிட்டுப் படியேறி வந்தேன். கதவில் சாவியைப் போட்டால் திரும்பவே இல்லை. அரை மணி நேரம் போராடினேன், பூட்டுக் கெட்டுவிட்டது என்று பூட்டைத் திட்டினேன், கடைசியில் உள்ளே இருந்து ஒரு குழந்தை, யாரோ நம்ம கதவைப் பிராண்டறாங்க என்று கத்தியது. நான் நின்றது இரண்டாவது மாடி. நம் வீடு மூன்றாவது. இந்தக் கட்டடத்தில் எல்லா மாடியும் ஒரே அச்சு, இருபது வருஷமாக ஏறி இறங்கிய படியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. எனக்கு வெளிச்சமும் நிழலும்தானே தெரிகிறது, இத்தனை நாள் அப்பாவின் தோள்தான் என் கண்ணாக இருந்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து எழுதியதுதான் அந்த நாலு பக்கம். யாரிடமும் காட்டவில்லை, கண் மங்கி நாலு வருஷத்துக்குப் பிறகு என் கையால் எழுதும் கடிதம் என்ற திமிரில் நானே ஒட்டி நானே பெட்டியில் போட்டேன்.

மை வருகிறது.

அதற்கப்புறம் உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். நீயோ ஞாயிறு ஞாயிறு போன் செய்து, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று ஒன்றுமே நடக்காதவள் போலப் பேசினாய். கடிதம் சாதாரணத் தபாலில் மாதக்கணக்கில் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு கிடந்தது எனக்கு எப்படித் தெரியும். படித்துவிட்டுத்தான் இந்தப் பெண் இப்படி நடிக்கிறாள், பெற்ற தாயென்றும் பார்க்கவில்லை என்று உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற ஆதரவு மையத்துக்குப் போங்கள் என்று கண் மருத்துவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நானென்ன அநாதையா என்று நான்தான் போகவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு ஞாயிறு உன் போனை வைத்த மறுநாளே வண்டி பிடித்து அங்கே போய் இறங்கினேன். ஆகவே இனி நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் புண்ணியம் உனக்குத்தான்.

அந்த மையத்தை நடத்துகிற மேலாளர் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார், வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களுக்கு என்னம்மா வேணும், டீ போடணுமா, கடைக்குப் போகணுமா, யார் கூடயாவது சண்டை போடணுமா, மூணுக்கும் இங்க ஆள் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்பா போன பிறகு வந்த முதல் சிரிப்பு. நான் படியில் தொலைந்த கதையைச் சொன்னேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். முப்பது வருஷம் தையல் என்றேன். "அப்ப வீட்டுல பொத்தான் இருக்குமே" என்றார். நீ சின்ன வயதில் எண்ணி எண்ணிக் கொட்டிக் கவிழ்ப்பாயே, அந்தப் பொத்தான் டப்பாதான் இப்போது இந்த வீட்டை நடத்துகிறது. படிக் கைப்பிடியில் முதல் மாடிக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, நம் மாடிக்கு மூன்று என்று ஒட்டியாகிவிட்டது. உப்பு டப்பாவில் நாலு துளைப் பொத்தான், சர்க்கரையில் இரண்டு துளை. கறுப்புப் புடவையின் உள்மடிப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் டீயில் உப்பைப் போட்டுவிட்டு, இந்த ஊர்ப் பால் சரியில்லை என்று பால்காரரைக் குறை சொன்னவள் நான், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அடுப்பைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, கேள். அடுப்புத் திருகில் அணைக்கிற இடத்தில் காய்ந்தால் மேடாக நிற்கிற பசையால் ஒரு பொட்டு வைத்திருக்கிறது, தொட்டாலே தெரியும், கூடவே மணியடிக்கும் கடிகாரம், அது அடித்து நான் அணைக்கும்வரை அடுப்படியை விட்டு நகர்வதில்லை. மையத்தில் கருவிகளை நூலகப் புத்தகம் மாதிரி ஒரு மாதத்துக்கு இரவல் தருகிறார்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். தம்ளர் விளிம்பில் மாட்டுகிற ஒன்று இருக்கிறது, டீ விளிம்புக்கு வந்ததும் கீச்சென்று கத்தும், முதல் நாள் பயந்து தம்ளரையே கீழே போட்டேன். அதைவிடப் பெரியது, தினமும் காலை எட்டு மணிக்குள் நான் மையத்துக்கு ஒரு போன் போட வேண்டும். போடாவிட்டால் பக்கத்துத் தெருவில் இருக்கிற தொண்டர் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். போன வாரம் நான் கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டேன், எட்டரைக்குக் கதவு இடிந்துவிடும் போலத் தட்டினார்கள். யாரு பாக்கறது என்றாயே, இவர்கள் பார்க்கிறார்கள், தூங்கக்கூட விடாமல் பார்க்கிறார்கள்.

மை வருகிறது.

கையில் தட்டுகிறவர் யார் என்று கேட்டிருப்பாய். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர், மையத்து வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. கடிகாரம் ஓடுகிறதா என்று விரல் நுனியை வைத்துத்தான் பார்ப்பார். நான் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார், அவர் சொல்ல வேண்டியதை என் உள்ளங்கையில் விரலால் எழுதுகிறார். ஒரு நாள் நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால் மணி நேரம் உன்னைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறேன், மேலாளர் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். எனக்கு வரும் தபாலை அவர் படித்து என் கையில் எழுதிக் காட்டுவார், அவர் சட்டைக்கு நான் காலர் மாற்றித் தருவேன். இந்தக் கடிதத்தை அவர் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முதல் வரியை மட்டும் பார்க்கலாம், அதற்குக் கீழே கண் போனால் கிழிந்த சட்டையோடுதான் திரிய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளைக் கோல் பிடித்து நடக்கவும் கற்றுக்கொண்டேன். கோலைத் தரையில் தோள் அகலத்துக்கு வீச வேண்டும், அதற்குக் கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றார் வாத்தியார். தோள் அளவை முப்பது வருஷம் எடுத்தவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா, இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. நேற்று, நேற்றுத்தான் கண்ணு, நான் தனியாகப் பஸ் ஏறினேன். ஒருவரும் கூட வரவில்லை. ஓட்டுநரிடம் தபால் நிலையம் வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டு இறங்கி, உனக்கு ஸ்டாம்ப் வாங்கி, எதிர்ப்பக்கம் போய்ப் பஸ் பிடித்துத் திரும்பி, மூன்று பொத்தானைத் தொட்டு, சாவியைப் போட்டேன், திரும்பியது. கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்பா இருந்திருந்தால் கேலி செய்திருப்பார்.

அதோடு விட்டதா. புதிதாகத் தனி வீட்டுக்குக் குடிபோகிற கண் தெரியாதவர்களின் அலமாரிக்குப் பொத்தான் அடையாளம் போட, செவ்வாய்க்கிழமை தோறும் நான் போக வேண்டுமாம். அடுத்த செவ்வாய் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வீடு. எனக்கே மையத்திலிருந்து ஓர் உதவியாள் வந்து காய் வாங்கிக் கொடுக்கிறாள், நான் போய் யாருக்கு உதவ என்று தயங்கினேன். மேலாளர் அம்மா, "தனியா வாழறதுன்னா எல்லாத்தையும் நாமே செய்யறதுன்னு யார் சொன்னா, எனக்குக் குளிக்கவே ஆள் வேணும், ஆனா எந்த ஆள், எப்ப வரணும், அதை நான் சொல்லணும், அவ்வளவுதான்" என்றார். செவ்வாய்க்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மை வருகிறது.

இது கடைசித் தாள். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த நாலு வெறும் தாளை எறிந்துவிடவில்லையே. எடுத்து வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மேலே மெதுவாகத் தேய். நான் அழுத்தி எழுதுகிறவள், துணியில் பல் சக்கரத்தை அழுத்தி ஓட்டித் தையல் குறி போட்ட கை, ஒவ்வொரு எழுத்தும் பள்ளமாக உட்கார்ந்திருக்கும். நான் சொல்லாவிட்டாலும் என்றைக்காவது பேத்தி அதன் மேல் கிறுக்கி நீ படித்துவிடுவாய், அதனால் நானே சொல்கிறேன். என்னால் முடியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று நாலு பக்கமும் அதையேதான் எழுதியிருக்கிறேன். வாயால் சொல்ல வெட்கம், அதனால் எழுதினேன். மை இருந்திருந்தால் நீ அழைத்துப் போயிருப்பாய், நானும் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன், உன் வீட்டு மூலையில் உட்கார்ந்து எதைத் தொட்டாலும் வேண்டாம்மா வேண்டாம்மா என்று நீ பதறுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கடிதமும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை, இரண்டையும் எழுதியவள் உன் அம்மாதான். உனக்கு என்னை இங்கே விட்டுவிட்டுப் போகப் பயமாக இருக்கும், எனக்கும் சில நாள் பயம் வரத்தான் செய்கிறது, வந்தால் அவர்களைக் கூப்பிடுகிறேன், உன்னையும் கூப்பிடுகிறேன். ஆனால் இரண்டாவதாக எழுதியவள் சொல்வதைக் கேள்.

இருபதாம் தேதி கட்டாயம் வா, பேத்தியையும் கூட்டி வா, திரும்புவதற்கு எனக்கு எடுத்த டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடு. மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. மறக்காதே, வந்ததும் அலமாரியில் ஒரு டப்பாவைக்கூட இடம் மாற்றி வைக்கக் கூடாது. நான் பஸ் நிறுத்தத்திலேயே வந்து நிற்பேன். பார்த்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுக்காதே, உன் முழங்கையைக் கொடு, நான் பிடித்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வழி நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியில், மூன்று பொத்தானுக்கு நேரே குடியிருக்கும்
உன் அம்மா