தலைகீழாக வைத்த சீட்டு

ஜூன் 10, செவ்வாய்

பக்ரீத் விடுமுறை முடிந்து இன்று தொழிற்சாலை திறந்தது. தோல் தரம் பிரிக்கும் பிரிவின் தலைவர் நிசார் அஹமது சார் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக ஆண்கள் பிரித்த தோலை மறுபடி சரிபார்ப்பது நான், கையெழுத்து அவருடையது.

மூத்த ஆள் மஹபூப் பாஷா என் காதில் விழும்படியே சொன்னார்: "மேடம் படிச்சவங்கதான், இல்லேங்கல. ஆனா டேபிள் உயரம் ஜாஸ்தி. லேடீஸுக்கு எட்டாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த தோலை எடுத்து விரித்தேன்.

ஜூன் 11, புதன்

குடியாத்தத்திலிருந்து அண்ணன் சம்பத் போன் செய்தான்.

"மோகனா, உனக்கு ஏழரை நடக்குதாம், ஜோசியர் சொல்றாரு. புதுப் பொறுப்பு எதுவும் வேணாம். வேலைய வுட்டுட்டு வந்துடு. மாடி ரூம் காலியாத்தான கெடக்குது. உங்க அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் உண்மையான ஜாதகம்.

"இனிமே என் பேர்ல ஜோசியர்கிட்ட போகாதண்ணா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நேற்று ஜோசியரை விரட்டியவள் இன்று டாரட் சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டிசைன் பிரிவு உமைமா மதிய இடைவேளையில் சீட்டு வைத்துப் பலன் சொல்வாள். போனைப் பார்த்துக் கற்றது. "மனசுல இருக்கற கேள்விய வாய்விட்டுச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

"அந்த இடத்துக்கு நான் எழுதிக் குடுக்கலாமா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும்தான்.

மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்: நடந்தது, நடப்பது, வரப்போவது. திருப்ப வேண்டியது நான். முதலில், விளக்கோடு தனியாக நிற்கும் கிழவர். "ரொம்ப நாளா தனியா இருக்கீங்க." ஆம்பூரில் இது யாருக்குத் தெரியாது? அடுத்தது, கண் கட்டப்பட்டு, சுற்றிலும் நட்ட வாள்களுக்கு நடுவில் நிற்கும் பெண். "நல்லாப் பாருங்க, கால்ல கட்டே இல்ல." உற்றுப் பார்த்தேன். இல்லைதான்.

மூன்றாவது — உமைமா டிபன் பாக்ஸை மூடத் திரும்பியிருந்தாள். என் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. தோலை எடுத்தால் மேல்பக்கத்தை நம்ப மாட்டோம். முதலில் சதைப்பக்கம், பிறகு வெளிச்சத்தில் சாய்த்து, சுற்றித் திருப்பி, உண்ணித் தழும்பு, முள் கீறல் தேடுவோம். சீட்டையும் அப்படியே புரட்டிப் பார்த்து வைத்துவிட்டேன். தேர். தலைகீழாக.

"ஐயோ மேடம்! மொதல்ல எப்டி இருந்துச்சு?"

"தெரியல."

"நேரா வந்தா ஜெயிப்பீங்க. தலைகீழா வந்தா வண்டி கவுந்துரும். பேஜாராப் போச்சே! மறுபடி போடலாம்."

"வேணாம்."

"அப்ப இத எப்டி எடுத்துக்கறது?"

"கவுத்தது நான்தானே?" ஒரு விரலால் தேரை நிமிர்த்தி வைத்தேன்.

"அப்டிலாம் பண்ணக்கூடாது மேடம்!"

"யாரு சொன்னது?"

ஜூன் 13, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

எனக்குத்தான் கிடைத்தது. மூன்று மாதம் சோதனைக்காலமாம். நிசார் சாருக்கு அப்படி வைத்தார்களா என்று மேலாளரிடம் கேட்டேன். பேச்சை மாற்றினார். சரி, மூன்று மாதம்தானே.

"நாளைக்கு எதுனா ஆச்சின்னா இங்க வந்து அழாத" என்றான் அண்ணன், போனில்.

"அழறதா இருந்தா என் வீட்லயே அழுதுக்கறேன்."



ஜூலை 1, செவ்வாய்

மேசை உண்மையிலேயே உயரம்தான். இத்தனை வருடமும் நுனிக்காலில் நின்றே பார்த்திருக்கிறேன். மஹபூப் பாஷா ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார். "ஏறி நில்லுங்க மேடம்." கேலியா, கரிசனமா? தெரியவில்லை.

பலகையை ஓரமாக வைத்துவிட்டு, தச்சரைக் கூப்பிட்டு மேசையின் கால்களை அறுக்கச் சொன்னேன். மதியத்துக்குள் முடிந்தது.

மஹபூப் பாஷா குனிந்து முதல் தோலைப் புரட்டினார். "இடுப்பு புடிக்குது மேடம்."

"பழகிடும் பாய்" என்றேன்.